கல்யாண நேரலைத் தொழில் நமக்குச் சரிப்படுமா?



வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரத்தில் நாற்பது வருஷத்துக்கு மேலாக இருப்பவன் நான். பாக்கி வசூலுக்காக ஊர் ஊராகப் போகும்போது, விலை நிலவரத்துக்கு அடுத்தபடியாக என்னிடம் கடைக்காரர்கள் பேசுவது பிள்ளைகளைப் பற்றித்தான். இந்த இரண்டு மூன்று வருஷமாக அதில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணாச்சி, பையன் கல்யாண வீடுகளுக்கு லைவ் போடுகிற தொழில் ஆரம்பிக்கணும் என்கிறான். கடையிலிருந்து கொஞ்சம் முதல் எடுத்துக் கொடுக்கலாமா?" என்கிறார்கள்.

ஆளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டு திரிவதைவிட, நம் சங்க இதழிலேயே என் கருத்தை எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேமராவைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் கணக்கு தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இந்தத் தொழில் நம் பக்கத்துச் சிற்றூர்களில் வேர் பிடித்தது 2020இல். அந்த மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. பிறகு கல்யாணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று வரம்பு கட்டினார்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமன் மச்சான் என்று கணக்கெடுத்தாலே நம் வீடுகளில் 50 தாண்டிவிடும். மீதிப் பேர் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று யூடியூபில் காட்ட ஆரம்பித்தார்கள். வரம்பு போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது. இன்று அழைப்பிதழிலேயே அதற்கென்று ஒரு கட்டம் அச்சடித்து வருகிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை ஒரு செலவாகவே நினைப்பதில்லை. எனவே தேவை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2022 ஆவணியில் என் இளைய மகள் கல்யாணம் நடந்தது. என் மூத்த அக்காள் வாழ்க்கைப்பட்டுப் போனது பினாங்குக்கு. எழுபத்து நான்கு வயது, சக்கர நாற்காலி. விமானம் ஏற முடியாது. "லைவ் போட்டுரு தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு வாடிக்கையான ஒரு சில்லறைக் கடைக்காரரின் மகன் அப்போதுதான் இந்தத் தொழிலில் இறங்கியிருந்தான். நம் கடைப் பிள்ளைக்குத்தானே கொடுக்க வேண்டும் என்று அவனிடமே ஒப்படைத்தேன்.

தம்பி கெட்டிக்காரன். முதல் நாள் சாயந்திரமே மண்டபத்துக்கு வந்து சோதித்துப் பார்த்தான். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் தொள்ளாயிரம் பேர். தொள்ளாயிரம் பேர் சட்டைப் பையிலும் செல்போன். எல்லாருக்கும் ஒரே கோபுரம். இவன் கையில் ஒரே ஒரு சிம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் கெட்டிமேளம் கொட்டியது. பினாங்கில் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது இங்கே மாலை மாற்றி முடிந்திருந்தது.

சாயந்திரம் பதிவை அனுப்பி வைத்தோம். அக்காள் முழுக்கப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "எல்லாம் நல்லா இருந்தது தம்பி. கையில அட்சதைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், போடத்தான் முடியல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பையன் கடைக்கு வந்து, வாங்கிய பணம் முழுவதையும் மேசையில் வைத்தான். நான் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "உட்கார் தம்பி, உன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வா" என்றேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பதினைந்து நாளில் சரக்குப் பணம் கட்டிவிடும் அவன் தகப்பனார், அந்த வருஷம் நாற்பத்தைந்து நாள் வரை இழுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அவர் கடைக்கு என்ன வந்தது என்று என் பேரேடு என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. நோட்டைப் பார்த்ததும் பதில் கிடைத்தது.

இரண்டு கேமரா, மிக்சர், மடிக்கணினி, யு.பி.எஸ்., ஸ்டாண்டு, வயர் எல்லாம் சேர்த்து 3,20,000 ரூபாய். அத்தனையும் கடை முதல். ஒரு கல்யாணத்துக்கு 8,000 வாங்குகிறான். உதவிக்கு இரண்டு ஆள் 2,000, நெட்டுக்கு 600, வண்டி 900, பழுது பார்க்கும் செலவு சராசரி 1,000, ஆக 4,500. கையில் நிற்பது 3,500. அந்த வருஷம் 34 கல்யாணம் செய்திருந்தான். 1,19,000 ரூபாய் லாபம் என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தான்.

"சந்தோஷம். உன் அப்பா முதலுக்கு வட்டி எங்கே?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு எதுக்கு அண்ணாச்சி வட்டி?" என்றான். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று போட்டாலும் வருஷத்துக்கு 38,400. கழித்தால் 80,600. "சாமான் எத்தனை வருஷம் உழைக்கும்?" என்றேன். நான்கு வருஷம் என்றான். அப்படியானால் வருஷத்துக்கு 80,000 தேய்மானம். மிஞ்சியது 600 ரூபாய். முப்பத்து நான்கு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்ததற்குக் கூலி அறுநூறு ரூபாய். பையன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கைச் சொல்லாமல் விடுவது நன்மை ஆகாது.

அந்த 3,20,000 கடையில் சரக்காக இருந்திருந்தால் வருஷத்தில் எத்தனை சுற்று சுற்றியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அது சுற்றாததால்தான் என் பாக்கி நாற்பத்தைந்து நாள் ஆயிற்று. சில்லறைக் கடையில் இழுக்கும் பாக்கி என்னை இழுக்கும், நான் இழுத்தால் மில்காரரை இழுக்கும். ஒரு வீட்டுக் கேமரா மூன்று கடைக் கணக்கைக் கலைத்துவிடுகிறது.

அப்படியென்றால் இது உதவாத தொழில் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அதுவும் சரியில்லை. அதே கணக்கை ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரருக்குப் போட்டுப் பார்ப்போம். அவரிடம் கேமரா, ஸ்டாண்டு, ஆள் எல்லாம் ஏற்கெனவே உண்டு. அந்தக் கல்யாணத்துக்கு எப்படியும் அவர் போகத்தான் போகிறார். கேமராப் படத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் கருவி, கணினி, நெட் சாதனம் என்று 60,000 போட்டால் போதும். ஒளிபரப்பும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 5,000 வாங்கி 2,200 செலவு போனாலும் 2,800 நிற்கும். அதே 34 கல்யாணத்துக்கு 95,200. வட்டி 7,200, தேய்மானம் 15,000 கழித்தால் 73,000 மிச்சம். எட்டாயிரம் வாங்கியவருக்கு அறுநூறு, ஐயாயிரம் வாங்கியவருக்கு எழுபத்து மூவாயிரம்.

ஆகவே "லைவ் தொழில் நல்லதா, கெட்டதா?" என்பது கேள்வியே அல்ல. கல்யாணத்துக்குள் ஏற்கெனவே கால் வைத்திருக்கும் ஸ்டுடியோ, மைக் செட், பந்தல், மண்டபம் ஆகிய தொழில்காரர்களுக்கு இது ஒரு கூடுதல் சரக்கு. அவர்கள் தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். மளிகைக் கடைக்காரருக்கு இது புதுக் கடை. புதுக் கடை திறக்கும்போது பார்க்கவேண்டிய எல்லாவற்றையும் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

இதைச் சொல்வதற்கு என் பழைய அனுபவமும் ஒரு காரணம். 1994இல் கடை ஓரத்தில் நான் ஒரு எஸ்.டி.டி. பூத் போட்டேன். இடம் சொந்தம், கல்லாவில் இருக்கும் ஆளே அதையும் பார்த்துக்கொண்டான். போட்ட பணம் ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டது. ராத்திரி கட்டணம் குறையும் நேரத்துக்கு வாசலில் வரிசை நிற்கும். அதைப் பார்த்துப் பக்கத்துத் தெருவில் ஒருவர் தனிக் கட்டடம் பிடித்து, கண்ணாடி அறை நான்கு கட்டி, ஏ.சி. போட்டு ஆரம்பித்தார். பிறகு செல்போன் வந்தது. 2005இல் நான் பூத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணெய் டின் அடுக்கினேன். அவர் கடன் அடைக்க வீட்டை விற்றார். இரண்டு பேரும் செய்தது ஒரே தொழில்தான்.

நேரலைக்கும் அந்த நாள் வராது என்று யார் சொல்ல முடியும்? இப்போதே பாதிக் கல்யாணங்களில் யாராவது ஒரு மருமகப் பிள்ளை வாட்ஸாப் வீடியோ காலைப் போட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதற்குக் காசு இல்லை. காசு வாங்குகிறவர் அதைவிட எதைக் கூடுதலாகத் தருகிறார்? ஆடாத படம், ஐயர் சொல்வது கேட்கும் ஒலி, தாலி கட்டும்போது தடைப்படாத இணைப்பு, இவ்வளவுதான். அதைத் தர முடியாதவர் தொழிலுக்கு வரக் கூடாது.

நம்மில் சிலருக்கு வேறொரு பயமும் இருக்கிறது. லைவ் வந்தால் கல்யாணக் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் மளிகை லிஸ்ட் சுருங்கும் என்கிறார்கள். 2020இல் ஆயிரம் பேர் லிஸ்ட் ஐம்பது பேர் லிஸ்ட் ஆகி, நாம் பட்ட பாட்டை மறக்க முடியாது. ஆனால் லிஸ்டைச் சுருக்கியது அரசாங்க வரம்புதான். வரம்பு எடுத்த பிறகு என் கடைக்கு வரும் கல்யாண லிஸ்ட் பழைய நீளத்துக்கே திரும்பிவிட்டது. மொய் எழுதவேண்டியவன் லைவ் பார்த்துவிட்டு வீட்டில் இருப்பதில்லை. லைவ் பார்ப்பவர்கள் எப்படியும் வர முடியாதவர்கள். அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

இனி, எல்லாம் யோசித்த பிறகும் இறங்குவது என்று முடிவு செய்த பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். இவை அந்தப் பையனிடமிருந்தும், அவன் இப்போது வேலை செய்யும் இடத்திலிருந்தும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

முதலாவது நெட். நாம் படம் பார்ப்பதற்கு வேண்டியது இறங்கும் வேகம், ஒளிபரப்புக்கு வேண்டியது ஏறும் வேகம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் முன்னதைத்தான். சுமாரான தரத்துக்கே நொடிக்கு 4 மெகாபிட் தடையில்லாமல் ஏற வேண்டும். அந்தக் கணக்கில் மணிக்கு 1.8 ஜி.பி. செலவாகும். நான்கு மணி நேரச் சடங்குக்கு ஏழு ஜி.பி.க்கு மேல். தினம் 2 ஜி.பி. தரும் ரீசார்ஜை நம்பி இறங்கினால் பெண் அழைப்பிலேயே தீர்ந்துவிடும். காலி மண்டபத்தில் செய்யும் சோதனை சோதனையே அல்ல. உள்ளூர் கேபிள்காரரிடம் சொல்லி அன்றைக்கு மட்டும் ஃபைபர் இழுத்துக்கொள்வது நல்லது. அதற்கு மாற்றாக இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் மோடம் அணைந்து எரிந்தால் இணைப்பு மறுபடி வரச் சில நிமிஷம் ஆகும். முகூர்த்தம் காத்திராது. கேமராவுக்கு மட்டுமல்ல, மோடத்துக்கும் யு.பி.எஸ். வேண்டும்.

மூன்றாவது, யூடியூப் விதிகள். புதுச் சேனலில் முதல் தடவை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். செல்போனிலிருந்தே நேரலை போடுவதானால் 50 சந்தாதாரராவது இருக்க வேண்டும். காலையில் போய்த் திறந்துகொள்ளலாம் என்றிருந்தால் முகத்தில் கரிதான். அடுத்தது சினிமாப் பாட்டு. கல்யாண நிகழ்ச்சியில் பாட்டுப் போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருப்பதை 2023 ஜூலையில் மத்திய அரசின் துறை எடுத்துச் சொன்னது உண்மை. ஆனால் யூடியூபின் இயந்திரத்துக்குக் கல்யாண வீடும் தெரியாது, சட்டப் பிரிவும் தெரியாது. பாட்டு காதில் விழுந்தால் ஒளிபரப்பையே நிறுத்திவிடவும் கூடும். வரவேற்பில் பாட்டுக் கச்சேரி இருந்தால் வீட்டாரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது எழுத்து. நாம் ஒரு மூட்டை பருப்புக்குச் சீட்டு எழுதுகிறோம். இதற்கும் எழுத வேண்டும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, நெட் கைவிட்டால் எத்தனை மணிக்குள் முழுப் பதிவு கொடுக்கப்படும், எவ்வளவு பணம் திருப்பித் தரப்படும் என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் மனஸ்தாபம் வராது. நேரலை போகும்போதே கேமராவுக்குள்ளும் பதிவு ஓட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஐந்தாவது மானம், மரியாதை. இணைப்பு முகவரி கையில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைக்க முடியும். அப்படித்தான் அமைக்க வேண்டும். பெண் வீட்டு அறைக்குள்ளும், சாப்பாட்டுப் பந்தியிலும், மொய் எழுதும் மேசையிலும் கேமரா திரும்பக் கூடாது. எவ்வளவு நாளைக்குப் பதிவு இருக்க வேண்டும் என்று வீட்டாரைக் கேட்டு, அதற்குப் பிறகு எடுத்துவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பிப் பணத்தைச் சுரண்டும் மோசடி பற்றி 2024இல் போலீஸாரே எச்சரித்தார்கள். ஆகவே இணைப்பை வீட்டார் தங்கள் எண்ணிலிருந்து அனுப்புவதே உத்தமம்.

நம் கடைக்காரர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று ஜி.எஸ்.டி. பதிவு செய்யாமல் கடை நடத்துகிறவருக்கு, சரக்கு மட்டும் விற்றால் வருஷ விற்றுமுதல் 40 லட்சம் வரை இடம் உண்டு. அதே பான் எண்ணில் லைவ், வீடியோ என்று சேவையும் சேர்ந்துவிட்டால் வரம்பு 20 லட்சம் ஆகிவிடும். கடை விற்பனையும் சேர்த்துத்தான் அந்த 20 லட்சம். மகனுடைய எட்டாயிரம் ரூபாய் பில், அப்பாவின் 30 லட்சம் ரூபாய் கடையைப் பதிவுக்கு இழுத்துவிடும். இணக்க முறையில் ஒரு சதவீதம் கட்டுகிறவர்களுக்கும் சேவைக்கு வரம்பு உண்டு. விற்றுமுதலில் பத்தில் ஒரு பங்கு அல்லது 5 லட்சம், இதில் எது கூடுதலோ அதுவரைதான். எனவே பையன் செய்வதானால் அவன் பெயரில், அவன் பான் எண்ணில், அவன் வங்கிக் கணக்கில் செய்யட்டும். தொடங்குமுன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மளிகைக் கடைக்காரருக்கு இதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஊரில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மண்டபத்துக்காரருக்கு அடுத்தபடி அதை அறிகிறவர் லிஸ்ட் வாங்கும் நாம்தான். நல்ல ஸ்டுடியோக்காரர், நல்ல லைவ்காரர் யார் என்று தெரிந்து வைத்துக்கொண்டு கை காட்டிவிடுங்கள். கமிஷன் கேட்க வேண்டாம். அவர்கள் தங்களிடம் வரும் வீட்டாரை லிஸ்டுக்கு நம்மிடம் அனுப்புவார்கள். முதல் போடாமல் வரும் வியாபாரம் அதுதான். சரியில்லாதவரைக் கை காட்டினால் கெடுவது நம் கடைப் பெயர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இந்தப் பாடம் எனக்கு என் வீட்டுக் கல்யாணத்திலேயே கிடைத்தது.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. கடையை அடைக்க முடியாமல் பொதுக்குழுவுக்கு வராமல் போகும் உறுப்பினர்கள் அநேகம். ஆண்டுக்கு ஒரு தடவை, வரவு செலவு வாசிப்பதையும் தீர்மானங்களையும் மட்டும் உறுப்பினர்களுக்கு நேரலையில் காட்டலாம். சரக்கு விலை, கடன் பேச்சு போன்றவை அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பெரிய கேமரா இரண்டையும் விற்று அப்பா கையில் பணத்தைக் கொடுத்துவிட்டான். நேரலைக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவரோடு பங்குக்குச் சேர்ந்திருக்கிறான். மற்ற நேரம் கடையில் இருக்கிறான். ஆடி, மார்கழியில் வேலை இல்லையே என்ற கவலையும் இல்லை. அவன் தகப்பனார் மறுபடி பதினைந்து நாளில் பணம் கட்டுகிறார்.

சென்ற தையில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். "யாரிடம் லைவ் கொடுக்கலாம்?" என்று தம்பி கேட்டான். அதே பையன் பெயரைத்தான் சொன்னேன். ஃபைபர் ஒன்று, சிம் இரண்டு, மோடத்துக்கு யு.பி.எஸ். எல்லாம் கொண்டு வந்திருந்தான். தாலி கட்டி முடிந்த அரை நிமிஷத்தில் பினாங்கிலிருந்து போன் வந்தது. "இந்தத் தடவை போட்டுட்டேன் தம்பி" என்றார் அக்காள். தரையெல்லாம் அரிசி என்று பின்னால் மருமகள் சலித்துக்கொள்வதும் கேட்டது.

தொழிலைக் குறை சொல்லாதீர்கள், கணக்கைப் பாருங்கள். கடை முதலைத் தொடாமல் செய்ய முடிந்தால் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். தொட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால் அனுமதிக்காதீர்கள். இதுவே என் தாழ்மையான கருத்து.